எங்கம்மா டிவியைக் காணோம்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போயிருந்தேன். வேதாரண்யத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமம். பஸ் இறங்கி வீட்டுக்குப் போகும்போது மணி ஏழே முக்கால். வாசக் கதவு சும்மா சாத்தியிருக்கு, கூடத்துல லைட்டு எரியுது, அம்மாவைக் காணோம். கொல்லைப்பக்கம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்ல. போன் அடிச்சா, அது சாமி அலமாரிக்குள்ளேருந்து அடிக்குது. அம்மாவுக்கு வயசு 74. ஒரு நிமிஷம் வயித்தக் கலக்கிடுச்சு.

அப்பத்தான் பக்கத்து வீட்டுலேருந்து சீரியல் சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பார்த்தா, அந்த வீட்டு அத்தை கட்டில்ல சாஞ்சிருக்காங்க, அம்மா கதவோரமா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டு இருக்காங்க. என்னைப் பார்த்ததும் ஸ்டூல்லேருந்து எந்திரிச்ச வேகத்தைச் சொல்லணுமே... மாங்கா அடிக்கும்போது மாட்டிக்கிட்ட பையன் மாதிரி. "ஏண்டா, நாளைக்குத்தானே வர்றேன்னே?"

பக்கத்து வீட்ல போய் டிவி பார்க்கிறது ஒரு குத்தமாய்யான்னு கேக்கறீங்களா? இல்லதான். ஆனா எங்க வீட்லயும் டிவி இருக்கு சாமி. சாதா டிவி இல்ல, 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி. போன தீபாவளிக்கு அடியேன் வாங்கிக் கொடுத்தது. திரும்பி வீட்டுக்கு வந்து பார்த்தா, அது மேல ஒரு பூப்போட்ட துண்டைப் போட்டு மூடி வெச்சிருக்காங்க. துண்டு மேல தூசி.

"ஏம்மா, டிவி ரிப்பேரா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கல."

இந்தப் பதிவு அந்தத் துண்டைப் பத்தினது. கூடவே, "கேபிளை எல்லாம் கட் பண்ணிட்டேன் பாஸ், இப்ப எல்லாமே நெட்டுதான்"னு காலரைத் தூக்கி விட்டுக்கிற புண்ணியவான்களைப் பத்தினதும். அந்தக் கட்சிக்கு நான் வட்டச் செயலாளர் ரேஞ்சுக்கு உழைச்சவன்ங்கறதால, திட்டு விழறதுல முதல் பங்கு எனக்குத்தான். மிச்சத்தை நீங்க பிரிச்சுக்கோங்க.

அம்மா கிட்ட இருந்தது 21 இஞ்ச் பொட்டி டிவி. பக்கத்துல ஒரு செட்டாப் பாக்ஸ். கேபிள்காரத் தம்பிக்கு மாசம் 250 ரூபாய். போன தீபாவளிக்குப் போன நான் என்ன பண்ணினேன்? பொட்டியைப் பழைய இரும்புக்காரர் கிட்ட தள்ளிட்டு, புது டிவியை மாட்டி, ஃபைபர் நெட் கனெக்ஷன் வாங்கி, என்னோட ஓடிடி கணக்கு நாலையும் அதுல திறந்து விட்டுட்டு, கேபிளுக்குக் கும்பிடு போட்டேன். "இனிமே உனக்கு எந்த சீரியல் எப்ப வேணுமோ அப்ப பார்க்கலாம்மா. விளம்பரமே வராது." பெருமை தாங்கல. ஃபோட்டோ எல்லாம் எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டேன்.

இப்ப அம்மா ராத்திரி ஏழரை மணி சீரியலைப் பார்க்கணும்னா என்ன செய்யணும்னு நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முதல்ல சுவத்துல மோடம் சுவிட்சைப் போடணும் (ராத்திரி தூங்கும்போது எல்லா சுவிட்சையும் அணைக்கிற பரம்பரை எங்களது). அந்தப் பொட்டியில பச்சை விளக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். டிவியைப் போட்டா கம்பெனி பேரு சுத்தும். அப்புறம் ஒரு முகப்பு வரும், அதுல அம்மா கேக்காத பத்துப் படத்தோட விளம்பரம், பாதி இந்தி. அதுல கீழே இறங்கி வலது பக்கம் தள்ளி ஒரு சின்னக் கட்டத்தைக் கண்டுபிடிக்கணும். அதை அமுக்கினா "யார் பார்ப்பது?"ன்னு கேக்கும். என் பேரு, தங்கமணி பேரு, பசங்க பேரு. அம்மா பேரு அதுல இல்ல. (நான்தான் போடல. நாலு பேருக்கு மேல இடமில்லைன்னு அப்புறம் போடலாம்னு விட்டேன்.) யாரோ ஒருத்தரை அமுக்கி உள்ளே போனா, சீரியலைத் தேடணும், அதுல எத்தனாவது எபிசோடுன்னு தேடணும்.

இத்தனையும் ஒழுங்கா நடந்தா, எல்லாம் சரியா வேலை செய்யற நல்ல நாள்ல!

மத்த நாள்ல "புதிய பதிப்பு இருக்கிறது, புதுப்பிக்கவா?"ன்னு கேக்கும். இல்லேன்னா "அதிகக் கருவிகளில் பயன்பாட்டில் உள்ளது"ன்னு சொல்லும், ஏன்னா சென்னையில என் பையன் அதே கணக்குல கார்ட்டூன் பார்த்துக்கிட்டு இருப்பான். எல்லாத்துக்கும் மேல ஒரு நாள், யாரும் ஒண்ணும் செய்யாமலே, கணக்கு தானா வெளியே வந்து நின்னு, ஓடிபி கேட்டுச்சாம். அந்த ஓடிபி என் நம்பருக்கு வரும். நான் ஆபீஸ்ல ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தேன். அம்மா ரெண்டு தடவை போன் பண்ணியிருக்காங்க. "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்"னு வெச்சுட்டேன். அப்புறம் கூப்பிடல. அதுக்கு மறுநாள்தான் துண்டு விழுந்திருக்கு. அம்மா சொல்லல. அத்தை சொன்னாங்க.

என் வீட்ல என் டிவியைப் பார்க்கறதுக்கு 300 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கிற ஒருத்தன் கிட்ட அனுமதிக் கடுதாசி வாங்கணும்னா, எனக்கு எப்படியிருக்கும்? துண்டு என்ன, டிவியைத் தூக்கிக் கிணத்துல போட்டிருப்பேன்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நீளமா இருந்தா மன்னிச்சுக்கோங்க, இது இல்லாம என் கோவம் உங்களுக்குப் புரியாது.

எங்க ஊருக்குத் தூர்தர்ஷன் ஒழுங்கா எடுக்காது. ஆனா ஆன்டெனாவைக் கடல் பக்கமாத் திருப்பினா இலங்கை ரூபவாஹினி பளிச்சுன்னு வரும். 1982ல ஆரம்பிச்ச டிவி அது. எங்களுக்கு மெட்ராஸ் தூரம், சிலோன் பக்கம். கூரைமேல ஒருத்தன் இரும்புக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு, வாசல்ல ஒருத்தன், உள்ள ஒருத்தன். "வருதாடா?" "இல்லண்ணே... ஆங் வந்துருச்சு... போச்சு... லேசா திருப்பு... அப்படியே நில்லு!" அப்படியே நில்லுன்னா என்ன, படம் முடியற வரைக்கும் அவன் கூரையிலயே நிக்க முடியுமா? :-) தெருவுக்கே ஒரு டிவிதான். ஒளியும் ஒலியும் தெளிவா வந்த வெள்ளிக்கிழமையெல்லாம் எங்க தெருவுல திருவிழாதான்.

அந்த வீட்டு வாசப்படியில நானும் தங்கச்சியும் போய் உட்காருவோம். உள்ளே கூப்பிட மாட்டாங்க, வாசப்படி வரைக்கும்தான். ஒரு ஞாயித்துக்கிழமை படம் பாதியில ஓடும்போது அந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து, "சாப்பிடற நேரம், போங்க போங்க"ன்னு கதவைச் சாத்திட்டார். தங்கச்சி அழுதுக்கிட்டே வந்தா. அம்மா ஒரு வார்த்தை பேசல. சீட்டு கட்டிக்கிட்டு இருந்தாங்க, தங்கச்சிக்குத் தோடு வாங்கறதுக்காக. 1990 பொங்கலுக்கு அந்தச் சீட்டைத் தள்ளி எடுத்து, நாகப்பட்டினம் போய் ஒரு கருப்பு வெள்ளை சாலிடேர் டிவியோட வந்து இறங்கினாங்க. "இனிமே எம்புள்ளைங்க எவன் வீட்டு வாசப்படியிலயும் உட்காரக் கூடாது"ன்னு அப்பா கிட்ட சொன்னதை நான் காதால கேட்டேன்.

அந்த அம்மாவைத்தான் இப்ப பக்கத்து வீட்டுக் கதவோரம், ஒரு ஸ்டூல்ல, 43 இஞ்ச் டிவியைச் சொந்தமா வெச்சுக்கிட்டு உட்கார வெச்சிருக்கேன். தீபாவளிப் பரிசு.

கொசுவத்தி அணைந்தது. சண்டைக்கு வருவோம்.

இந்த மேட்டரை எங்கே சொன்னாலும் முதல்ல வர்ற டெம்ப்ளேட் பதில்: "அம்மாவுக்கு நீங்க ஒழுங்கா சொல்லிக் கொடுத்திருக்கணும்." ஏன்யா, எங்கம்மா என்ன மக்கா? விறகடுப்புலேருந்து கேஸுக்கு வந்தவங்க. ஏடிஎம்ல பென்சன் எடுக்கறாங்க. வாட்ஸப்புல எனக்கு முன்னாடி ஊர்ச் செய்தி அனுப்பறாங்க. 2003ல சென்னையில முதல்முதலா செட்டாப் பாக்ஸ் கட்டாயம்னு வந்தப்ப, இங்கே நம்மாளுங்க எத்தனை பேர் புரியாம முழிச்சோம்? எங்க ஊருக்கு டிஜிட்டல் பொட்டி வந்தப்ப அம்மா ரெண்டே நாள்ல நம்பரெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டாங்க. எந்த சானல் எத்தனைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்த நம்பர்தான் அவங்களுக்குப் பாதை.

புது ரிமோட்டுல நம்பரே கிடையாது! நீங்களே எடுத்துப் பாருங்க. பாதி கம்பெனிக்காரன் நம்பர் பட்டனைத் தூக்கிட்டான். அந்த இடத்துல என்ன இருக்கு தெரியுமா? நாலு ஓடிடி கம்பெனியோட பேரு. கலர் கலரா. அதாவது ரிமோட்டே ஒரு விளம்பரப் பலகை. காசு கொடுத்தவனுக்குப் பட்டன் உண்டு, வீட்ல இருக்கிற கிழவிக்கு இல்ல.

அதோட, கத்துக்கிட்டதை அவன் வெச்சிருக்கணுமே? வீட்டு அலமாரியில பருப்பு டப்பாவை வெச்சா நாளைக்கும் அங்கதான் இருக்கும். இந்த முகப்பு இருக்கே, ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் டப்பாவை எல்லாம் இடம் மாத்தி வெக்கறான். போன வாரம் மூணாவதா இருந்த கட்டம் இந்த வாரம் ஏழாவது. 2023ல ஒரு ஆப்புல ஐபிஎல் இலவசம்னாங்க. 2025 பிப்ரவரியில அந்த ஜியோ சினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒண்ணாகி ஜியோ ஹாட்ஸ்டார்னு பேரு, படம், கலரு எல்லாம் மாறிடுச்சு. கிரிக்கெட் பைத்தியம் பிடிச்ச நானே ரெண்டு நாள் தேடினேன். 74 வயசுக்காரங்க ஒவ்வொரு தடவையும் ஒண்ணாம் கிளாசுலேருந்து ஆரம்பிக்கணுமா? இதுக்குப் பேரு கத்துக் கொடுக்கறதா?

அடுத்த டெம்ப்ளேட்: "விளம்பரத் தொல்லை இல்லையே." ஹிஹி. கேபிள் சானல்ல மணிக்கு 12 நிமிஷத்துக்கு மேல விளம்பரம் கூடாதுன்னு ஒரு விதியாவது இருக்கு (அதை யார் மதிச்சாங்கங்கறது தனிப் பதிவு, கோர்ட் கேஸ் வரைக்கும் போன கதை). ஓடிடிக்காரன் முதல்ல விளம்பரம் இல்லேன்னு சொல்லிக் கூப்பிட்டான். நாம கேபிளை அறுத்துட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினதும் விளம்பரத்தைக் கொண்டாந்தான். 2025 ஜூன் 17லேருந்து பிரைம் வீடியோ இந்தியாவுல சந்தா கட்டினவங்களுக்கும் விளம்பரம் காட்ட ஆரம்பிச்சுது, வேணாம்னா தனியா காசு. இது அவன் குத்தமில்ல, வியாபாரம் பண்ண வந்தவன் வியாபாரம் பண்றான். நாம எதை நம்பி அறுத்தோம்ங்கறதுதான் என் கேள்வி.

காசுக் கணக்குக்கு வாங்க. கேபிள் மாசம் 250, வருசத்துக்கு 3,000. நெட்டு மாசம் 499, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 589. வருசத்துக்கு 7,000 சொச்சம். ஓடிடி சந்தாவுல அம்மா பங்குன்னு கொஞ்சத்தைச் சேர்த்தாலும் பத்தாயிரத்தைத் தொடுது. நெட்டு மத்த வேலைக்கும் ஆகுமேங்கறீங்க. சரி, எங்கம்மா தனியா இருக்கற வீட்ல என்ன மத்த வேலை? ஞாயித்துக்கிழமை பேரன் முகத்தைப் பார்க்கறதுக்குப் போன்ல இருக்கற நெட்டே போதும். மூணு மடங்கு காசைக் கொடுத்து, பார்த்துக்கிட்டு இருந்ததையும் பார்க்க முடியாமப் பண்ணின அறிவாளி நான்.

கேபிளுக்காக நான் கொடி பிடிக்கறேன்னு நினைச்சுடாதீங்க. அங்கேயும் நமக்கு நாமம்தான். 2019ல டிராய் புதுக் கட்டண முறை கொண்டு வந்துச்சு. "நீங்க பார்க்கிற சானலுக்கு மட்டும் காசு கொடுங்க"ன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. 100 சானலுக்கு 130 ரூபாய், வரியோட 153 ரூபாய் 40 காசு, அதுக்கு மேல கட்டண சானல் ஒவ்வொண்ணுக்கும் தனி விலை. அடுத்த வருசம் அதே 130க்கு 200 சானல்னு மாத்தினாங்க. 2024ல அந்த உச்சவரம்பையும் எடுத்தாச்சு. எங்க ஊர்ல கேபிள்காரத் தம்பி ஒரு தாளைக் கொண்டாந்து அம்மா கிட்ட கொடுத்து, வேணுங்கற சானலுக்கு டிக் அடிங்கன்னான். அம்மா அந்தத் தாளை ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, "நேத்து என்ன வந்துச்சோ அதே நாளைக்கும் வரட்டும்ப்பா"ன்னாங்க.

அந்த ஒரு வரியில இருக்கு மொத்த விஷயமும். 2003ல சொன்னது "உங்கள் விருப்பம்". 2019ல சொன்னது "உங்கள் விருப்பம்". இப்ப ஓடிடிக்காரன் சொல்றதும் "உங்கள் விருப்பம்". ஒவ்வொரு தடவையும் விருப்பம்னு சொல்லித் தலையில ஒரு வேலையைக் கட்டிட்டுப் போறாங்க. அம்மாவோட விருப்பம் ஒண்ணே ஒண்ணு, ஏழரை மணிக்கு டிவி எரியணும். அதைத் தர மட்டும் ஒருத்தனும் இல்ல.

அப்புறம் ஒரு மேதாவிக் கூட்டம் இருக்கு. "அந்த அழுவாச்சி சீரியலைப் பார்க்காம இருந்தா நல்லதுதானே பாஸ்?" வாங்க ராசா, வாங்க. ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணு சிவக்க எட்டு எபிசோடு பழிவாங்கும் கதை பார்த்துட்டு, அதுக்கு வெப் சீரிஸ்னு பேர் வெச்சு, காலையில அதைப் பத்தி நாலு பக்கத்துக்கு விமர்சனம் எழுதற ஆளுங்கதானே நாம? மாமியார் மருமகளுக்கு விஷம் வெச்சா அது மொக்கை, கொரியாக்காரன் வெச்சா அது கலை. என்ன கொடுமை சரவணன் இது!

சீரியல்ல என்ன இருக்குங்கறது எனக்கு இந்தத் தடவைதான் உறைச்சுது. ஏழு மணிக்கு ஒரு சீரியல், அப்ப இட்லி ஊத்தணும். ஏழரைக்கு ஒண்ணு, சாப்பாடு. எட்டரைக்கு மாத்திரை. ஒம்பது மணிக்குக் கதவைத் தாழ் போட்டுட்டுப் படுக்கணும். தனியா இருக்கற பொம்பளைக்கு அந்த அட்டவணைதான் கூட ஒரு ஆள். அதோட, அம்மா பார்க்கற அதே நேரத்துல தெருவுல பாதி வீடு அதையே பார்க்குது. மறுநாள் காலையில குழாயடியில "அவ கிளம்பிப் போயிட்டாளே, பார்த்தியா?"ன்னு பேசறதுக்கு ஒரு விஷயம் கிடைக்குது. எப்ப வேணா பார்க்கலாம்னு ஆனதும் யாரும் யாரோடயும் சேர்ந்து பார்க்கறதில்ல. எங்க சென்னை வீட்ல நாலு பேர், நாலு திரை, நாலு காதுல மாட்டி. நான் சிரிச்சா ஏன் சிரிக்கறேன்னு கேக்க ஆளில்ல.

கிரிக்கெட்டும் அப்படித்தான். நெட்டுல வர்ற மேட்ச் கேபிளை விட அரை நிமிஷம் வரைக்கும் லேட்டா வரும். நம்ம டிவியில பவுலர் ஓடி வரும்போதே, கேபிள் வெச்சிருக்கற எதிர்வீட்ல "ஊஊஊ"ன்னு கத்தறான். சிக்ஸா விக்கெட்டான்னு கத்தற சுருதியை வெச்சே கண்டுபிடிச்சு, அப்புறம் பார்க்கறது, பரீட்சை ரிசல்ட் தெரிஞ்சப்புறம் பரீட்சை எழுதற மாதிரி.

நியாயமா ஒண்ணு சொல்லணும். நெட்டுல எனக்குக் கிடைக்கற சுகத்தை நான் மறுக்கல. 2005ல 256 கேபிபிஎஸ்ஸை பிராட்பேண்டுன்னு வாங்கி, ராத்திரி ரெண்டு மணியிலேருந்து காலை எட்டு வரைக்கும்தான் கணக்கு கிடையாதுன்னு அலாரம் வெச்சு எழுந்து டவுன்லோடு போட்ட தலைமுறை நாம. ஒரு பாட்டு இறங்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போடலாம். இப்ப மலையாளப் படத்தைத் தமிழ் எழுத்தோட பார்க்கிறேன், நடுவுல நிறுத்தி டீ போட்டுக் குடிக்கிறேன். அம்மாவுக்கே அதுல ஒண்ணு ரொம்பப் பிடிச்சுது. ரிமோட்டுல மைக் பட்டனை அமுக்கிப் பேசினா தேடிக் கொடுக்குமே, அது. அந்தத் தீபாவளி அன்னிக்கு அதை வாய்க்கிட்ட வெச்சுக்கிட்டு, "ஏம்ப்பா, சீர்காழி பாட்டு ஏதாவது ஒண்ணு போடேன்"னு ரொம்ப மரியாதையாக் கேட்டாங்க. போட்டுச்சு. அம்மா முகத்தைப் பார்க்கணுமே! "நல்ல பையன்"னாங்க ரிமோட்டை. ஆனா அந்த நல்ல பையனுக்கும் நெட்டு இருந்தாத்தான் காது கேக்கும். ரோடு போடறேன்னு ஜேசிபிக்காரன் கேபிளை வாரிட்டுப் போனான்னா, மோடத்துல சிவப்பு விளக்கு, டிவி ஒரு கருப்புப் பலகை. அம்மா சொன்ன கணக்குப்படி போன மழைக்காலத்துல அப்படிப் பதினோரு நாள். கஸ்டமர் கேர்ல "மோடத்தை அணைத்து மறுபடி போடுங்கள்"னு மட்டும் அழகான தமிழ்ல சொல்லியிருக்காங்க. (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. எந்தக் கம்பெனின்னு சொன்னாலும் உங்களுக்கும் இதே கதைதான் இருக்கும்.)

மழைக்காலம்னு சொன்னதும் இன்னொண்ணு. 2018 நவம்பர் 16, கஜா புயல் எங்க ஊரு மேலதான் ஏறிப் போச்சு. கம்பமெல்லாம் படுத்துக்கிச்சு, கரண்ட் வர வாரக்கணக்காச்சு. கேபிளும் இல்ல, டவரும் இல்ல. அப்ப அம்மாவுக்குச் செய்தி சொன்னது பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோ, காரைக்கால் வானொலி. ஒரு திருகு சத்தத்துக்கு, ஒரு திருகு நிலையத்துக்கு. அது யார் கேக்கறதுன்னு கேக்கல, ஓடிபி கேக்கல. வானத்துலேருந்து வந்ததை வாங்கிக் காதுல போட்டுச்சு. ஒளிபரப்புன்னா அதான் அர்த்தம். வர்றது எல்லாருக்கும் வரும், ஆள் யாருன்னு பார்க்காது. கூரைமேல ஆன்டெனா வெச்சுப் பிடிச்ச தூர்தர்ஷன் ஒளிபரப்பைக்கூட 2022க்குள்ள பெரும்பாலும் நிறுத்திட்டாங்க. மாசக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் 2004லேருந்து இருக்கு, தட்டு வெச்சாப் போதும். ஆனா அம்மா கேக்கற சீரியல் அதுல வராது.

டிவி செய்யறவன் கிட்ட நான் கேக்கறது நிலாவை இல்லீங்க. போட்டவுடனே நேத்துப் பார்த்த சானல் வரணும். ரிமோட்டுல நம்பர் வேணும். ஒரு தடவை உள்ளே விட்டா, நான் சொல்ற வரைக்கும் வெளியே தள்ளக் கூடாது. நெட்டு இல்லாட்டியும் டிவி டிவியா இருக்கணும். 1990ல சாலிடேர்ல இருந்ததுதான் இது.

டிவி வாங்கிக் கொடுக்கற நம்ம கிட்ட கேக்கறதுக்கும் ஒண்ணு இருக்கு. புது டிவியை மாட்டினதும் ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி, ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம் கையைக் கட்டிக்கிட்டு ஓரமா உட்காருங்க. அவங்களாப் போட்டு, அவங்களாப் பார்த்து, அவங்களா அணைக்கட்டும். வாயைத் திறக்காதீங்க. நான் அதைச் செய்யல. எல்லாத்தையும் நானே அமுக்கிக் காட்டி, "புரிஞ்சுதாம்மா?"ன்னு கேட்டேன். புரிஞ்சுதுன்னாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எனக்கு அவசரம்னு அவங்களுக்குத் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை காலையில கேபிள்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். சிரிச்சான். "அண்ணே, இந்தத் தெருவுல நீங்க நாலாவது ஆளு. பிள்ளைங்க தீபாவளிக்கு வந்து அறுப்பீங்க, பொங்கலுக்கு வந்து மறுபடி கேப்பீங்க." அரை மணி நேரத்துல பாக்ஸோட வந்துட்டான். நான் டிவியோட அமைப்புக்குள்ள நோண்டி, போட்டா கடைசியாப் பார்த்த இடத்துலயே திறக்கற மாதிரி ஒரு இதைக் கண்டுபிடிச்சேன். (இருக்கு! ஆறு அடுக்குக்கு உள்ளே ஒளிச்சு வெச்சிருக்கான்.) தம்பி செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுக்கே டிவியை ஆன் பண்றதைப் பழக்கி விட்டான். அம்மா உள்ளே போய்ப் பேத்தி விட்டுட்டுப் போன நகப்பூச்சு பாட்டிலை எடுத்துட்டு வந்து, அந்தப் பட்டன் மேல சிவப்பா ஒரு பொட்டு வெச்சாங்க. பெரிய ரிமோட்டைத் துண்டுல சுத்தி அலமாரியில வெச்சாச்சு.

"மாசாமாசம் நான் போன்லயே கட்டிடறேன் தம்பி"ன்னேன்.

அம்மா சுருக்குப் பையைத் திறந்துட்டாங்க. "நீ ஒண்ணும் கட்ட வேணாம். எந்த வீட்டு டிவி இது? நான் கட்டிக்கறேன். தம்பி, நீ வழக்கம்போல வந்து வாங்கிக்கப்பா. வந்தா உக்காந்து ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டுப் போ."

அன்னிக்கு ராத்திரி எனக்கு மேட்ச் இருந்துச்சு. ஏழே காலுக்கு மெதுவா, "அம்மா, அந்த ரிமோட்டைக் கொஞ்சம்..."னு ஆரம்பிச்சேன். திரும்பிக்கூடப் பார்க்கல.

"பக்கத்து வீட்ல போய்ப் பாரு. ஸ்டூலு அங்கதான் இருக்கு."

டிஸ்கி: இதை எழுதி முடிச்சதும் தங்கமணி கிட்ட படிக்கக் கொடுத்தேன். படிச்சுட்டு, "அத்தைக்குச் சரி பண்ணிட்டீங்க, சந்தோசம். நம்ம வீட்ல டிவியை எப்படிப் போடறதுன்னு எனக்கு எப்ப சொல்லித் தரப் போறீங்க?"ன்னு கேட்டா. ஆணி நிறைய இருக்கு மக்கா, வர்ட்டா.